விரதத்துக்குக் கோப்பியை நிறுத்தினேன், தலை பிளக்கிறது. மூளைக்கு ரத்தம் போகவில்லையா?

#1 நைட்ஷிப்ட்காரன்
சனி, பிற்பகல் 3.12

எல்லாருக்கும் வணக்கம். பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. இரவு ஏழு மணிக்கு உள்ளே போனால் காலை ஏழுக்குத்தான் வெளியே. பத்து வருடமாக ஓர் இரவுக்கு நாலு, ஐந்து கோப்பி ஓ (பால் விடாத கோப்பி). இந்த முறை தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் பால்குடம் எடுக்கிறேன். சைவம் மட்டும் போதாது, கோப்பியையும் விட்டுப் பார்ப்போம் என்று ஒரு வீம்பு. கடைசிக் கோப்பி வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு.

இன்று எழுந்ததிலிருந்து நெற்றி கனக்கிறது. இப்போது இரண்டு பொட்டிலும் யாரோ உள்ளே இருந்து தட்டுகிறார்கள். அம்மா விரதச் சூடு என்று சொல்லி உச்சியில் நல்லெண்ணெய் வைத்துவிட்டார். கூட வேலை செய்கிற பையன் வாட்சாப்பில் ஒரு படம் அனுப்பினான். இரண்டு மூளை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். கீழே, "தூண்டும் மருந்து மூளைக்கு ரத்தத்தைப் பாய்ச்சும், தூங்க வைக்கும் மருந்து ரத்தத்தை வற்ற வைக்கும். திடீரென்று நிறுத்தினால் மூளை காய்ந்துவிடும்" என்று போட்டிருக்கிறது.

இது உண்மையா? வீட்டில் பெனடோல் எக்ஸ்ட்ரா இருக்கிறது. இரண்டு போட்டுக்கொள்ளலாமா?

#2 மருந்துக்கடை_தங்கச்சி
சனி, பிற்பகல் 3.40

அண்ணா, அந்த அட்டையைத் திருப்பிப் படியுங்கள். பெனடோல் எக்ஸ்ட்ராவில் ஒரு மாத்திரைக்குப் பாராசிட்டமோல் 500 மில்லிகிராம், கூடவே காஃபீன் 65 மில்லிகிராம். இரண்டு போட்டால் 130. முருகன் மன்னித்துவிடுவார், ஆனால் நீங்கள் கோப்பியை விட்டதாகச் சொல்லிக்கொள்ள முடியாது. சாதாரண பெனடோல் போடுங்கள். அதில் காஃபீன் இல்லை.

உங்களுக்கு வந்திருப்பது காஃபீனை நிறுத்தியதால் வரும் தலைவலி. விட்ட 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கும். 20 முதல் 51 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். இரண்டு நாளிலிருந்து ஒன்பது நாள்வரை இருக்கும். நீங்கள் சொன்ன கணக்குக்கு இப்போது 33 மணி நேரம், அதாவது உச்சத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒரு நாளைக்கு 100 மில்லிகிராம் குடிப்பவர்களுக்கே இது வரும். நம் கோப்பிக்கடைத் தூளில் ரொபஸ்டா நிறைய, அதில் காஃபீன் அராபிக்காவைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதில் ஐந்து குவளை என்றால் கேட்கவே வேண்டாம்.

அந்தப் படத்தில் எழுதியது தலைகீழ். கோப்பி மூளைக்கு ரத்தத்தைக் கூட்டாது, குறைக்கும். நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற ஒன்று சேர்ந்துகொண்டே இருக்கும். அதற்கு இரண்டு வேலை. நரம்பணுக்களைச் சோர வைக்கும், ரத்த நாளங்களைத் தளர்த்தி விரிக்கும். காஃபீன் போய் அடினோசினின் நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளும், எழுந்திருக்காது. அதனால் நரம்பணு சோர்வதில்லை, நாளமும் விரிவதில்லை. ஒரே வேளையில் 250 மில்லிகிராம் உள்ளே போனால் மூளையின் ரத்த ஓட்டம் 20 முதல் 30 சதவீதம்வரை இறங்கும்.

தினமும் குடிப்பவர் உடம்பு சும்மா இருக்காது, அடினோசினுக்கு இன்னும் கொஞ்சம் நாற்காலி போட்டு வைக்கும். நீங்கள் கோப்பியை நிறுத்தியதும் எல்லா நாற்காலியும் ஒரே நேரத்தில் காலி. அடினோசின் கூட்டமாக வந்து உட்காரும், நாளங்கள் வழக்கத்தைவிட அதிகமாக விரியும். உங்கள் மூளை காயவில்லை அண்ணா, வெள்ளத்தில் இருக்கிறது.

ஒன்று மட்டும் கவனம். வலி படிப்படியாக வராமல் ஒரு நிமிடத்துக்குள் இடி விழுந்த மாதிரி வந்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, கழுத்து விறைத்தாலோ இங்கே எழுதிக்கொண்டிருக்காதீர்கள். 999.

#3 சும்மா_வந்தேன்
சனி, பிற்பகல் 4.05

ரத்தம் குறைந்தால் விழிப்பு, கூடினால் தூக்கமா? எங்கள் மேனேஜர் பேசும்போது எனக்கு மூளையில் ரத்தம் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது போல.

#4 பழையவாத்தியார்
சனி, மாலை 5.30

சிரிப்புக்குக் கேட்டாலும் கேள்வி சரியானதுதான். "ரத்தம் போனால் மூளை வேலை செய்யும், போகாவிட்டால் தூங்கும்" என்று நாம் எல்லாரும் நினைக்கிறோம். இந்த நினைப்புக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1880-களில் இத்தாலியில் அஞ்சலோ மொஸ்ஸோ என்ற உடலியல் அறிஞர் ஒரு மேசையைத் தராசு மாதிரி நடுவில் தாங்கி நிறுத்தி, அதில் ஆளைப் படுக்க வைத்தார். படுத்தவர் மனக்கணக்குப் போட்டால் தலைப் பக்கம் கொஞ்சம் தாழும், அதாவது அங்கே ரத்தம் கூடியிருக்கிறது என்று சொன்னார். 1890-இல் இங்கிலாந்தில் ரோய், ஷெரிங்டன் என்ற இருவர் விலங்குகளில் பார்த்துவிட்டு, மூளையின் எந்தப் பகுதி உழைக்கிறதோ அந்தப் பகுதியே தனக்கு வேண்டிய ரத்தத்தை வரவழைக்கிறது என்று எழுதினார்கள். மனிதர்களில் எண்ணிக்கையாக அளந்தது 1945-இல், கெட்டியும் ஷ்மிட்டும். சிரிப்பூட்டும் வாயுவைச் சுவாசிக்க வைத்து, மூளைக்குள் போகும் ரத்தத்திலும் வெளியே வரும் ரத்தத்திலும் அது எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக் கணக்குப் போட்டார்கள். 100 கிராம் மூளைக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 50 மில்லிலிட்டர். நம் மூளை 1,400 கிராம் என்றால் நிமிடத்துக்கு 700. உடம்பு எடையில் ஏறக்குறைய 2 சதவீதமே உள்ள ஓர் உறுப்பு, இதயம் தள்ளுகிற ரத்தத்தில் 15 சதவீதத்தை வாங்கிக்கொள்கிறது.

ரோய், ஷெரிங்டன் சொன்னதில் வரிசைதான் முக்கியம். முதலில் நரம்பணுவின் வேலை, பிறகு ரத்தம். பட்டர்வொர்த்துக்கும் ஜோர்ஜ்டவுனுக்கும் ஓடும் பெர்ரிப் படகை எடுத்துக்கொள்ளுங்கள். இரவானால் பெர்ரி குறையும். பெர்ரி குறைந்ததால்தான் ஊர் தூங்கிவிட்டது என்று யாராவது சொல்வார்களா? ஆள் இல்லை, அதனால் பெர்ரி இல்லை.

#5 மருந்துக்கடை_தங்கச்சி
சனி, மாலை 5.52

சார், கோப்பி விஷயத்தில் உங்கள் பெர்ரி மூழ்கிவிடும் :) அங்கே துறைமுகம் நிறைய ஆள் நிற்கிறார்கள், பெர்ரியை மட்டும் பாதியாகக் குறைத்துவிட்டார்கள்.

#6 பழையவாத்தியார்
சனி, மாலை 6.10

ஒப்புக்கொள்கிறேன். நாளத்தை நேரே பிடிக்கும் மருந்துக்கு என் உவமை செல்லாது. பாதி என்பது கொஞ்சம் கூடுதல், நீங்களே கால் பங்கு அளவுதான் சொன்னீர்கள். அந்தக் குறைவையும் மூளை சமாளித்துவிடும். வருகிற ரத்தத்திலிருந்து இன்னும் கொஞ்சம் அதிகமாக ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்ளும். மின் வேலை நிற்க வேண்டுமென்றால் 50 என்பது 20-க்குக் கீழே போக வேண்டும். 10-க்குக் கீழே போனால்தான் செல்கள் வேகமாகச் சாகும். ஐந்து கோப்பி யாரையும் அங்கே கொண்டுபோய்விடாது.

#7 செபராங்_செல்வி
சனி, இரவு 8.15

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். போன மாதம் அம்மாவுக்குக் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் ஸ்கோப் செய்யும்போது மயக்க ஊசி போட்டார்கள். வயது 71, பிரஷர் இருக்கிறது. அதற்குப் பிறகு இரண்டு நாள் ஞாபகம் தடுமாறியது. ஊசி போட்ட நேரமே அவருக்கு நினைவில் இல்லை. இப்போது இந்தப் படத்தைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. மயக்க ஊசி மூளைக்கு ரத்தத்தைக் குறைத்துவிட்டதா?

#8 தியேட்டர்_தாதி
சனி, இரவு 10.48

இப்போதுதான் வேலை முடிந்து வந்தேன். கோலாலம்பூரில் 22 வருடம் அறுவைக் கூடத்தில், மயக்க மருந்துப் பக்கம்தான். செல்வி, கேளுங்கள்மா.

ஸ்கோப்புக்குப் பெரும்பாலும் மிடாசோலம் போடுவார்கள். அது நினைவு பதிவதையே கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கும். ஊசி போட்டது அம்மாவுக்கு ஞாபகம் இல்லை என்றால் மருந்து தன் வேலையைச் செய்திருக்கிறது. ரத்த ஓட்டம் குறையுமா என்றால், ஆமாம், குறையும். ஆனால் இங்கே வாத்தியார் சாரின் பெர்ரி சரியாக ஓடுகிறது. நரம்பணுக்களை அடக்கும் காபா என்ற ரசாயனத்துக்கு இந்த மருந்து கை கொடுக்கிறது. நரம்பணு அமைதியாகிறது, அதற்கு வேண்டிய சர்க்கரையும் ஆக்சிஜனும் குறைகின்றன, அதன் பின்னால் ரத்தமும் குறைகிறது. தேவையும் வரவும் சேர்ந்தே இறங்குவதால் மூளை பட்டினி கிடப்பதில்லை.

எங்கள் கூடத்தில் இதை வேண்டுமென்றேகூடச் செய்வோம். தலையில் அடிபட்டு மூளை வீங்கினால் தியோபென்டல் மாதிரி மருந்தால் மூளையின் மின் அலை கோடாகப் போகும்வரை அமைதிப்படுத்துவது உண்டு. தேவை ஏறக்குறைய பாதியாகிவிடும், ரத்த ஓட்டமும் கூடவே இறங்கும், மண்டைக்குள் அழுத்தம் தணியும். புரோபோஃபோலும் அதே பக்கம்தான் இழுக்கும்.

ஆனால் தூங்க வைக்கும் மருந்து எல்லாமே ரத்தத்தை வற்ற வைக்கும் என்கிற மாதிரி அந்தப் படத்தில் போட்டிருப்பது தப்பு. செவோஃப்ளுரேன் மாதிரி முகமூடி வழியாகக் கொடுக்கும் மருந்து நரம்பணுவை அடக்கும், அதே நேரத்தில் நாளத்தை விரிக்கும். அளவு கூடினால் தேவை குறைந்திருக்கும், ரத்தம் கூடியிருக்கும். கேத்தமின் ஆளைச் சாய்க்கும், மூளையின் ரத்த ஓட்டத்தை ஏற்றும். மயக்கம் ஒன்றுதான், ரத்தம் மருந்துக்கு மருந்து வேறு வேறு திசையில் போகிறது.

நான் 22 வருடமாகக் கண்ணை எடுக்காமல் பார்த்தது ரத்த ஓட்டத்தை அல்ல, மூச்சை. தூக்க மருந்தோ, மார்ஃபின் வகையோ, இரண்டும் சேர்ந்தோ, மூச்சு மெதுவானால் கரியமில வாயு உடம்பில் தேங்கும். மூளை நாளங்களை அதுபோல வலுவாக விரிப்பவை மிகச் சிலதான். திரையில் அந்த எண் 40 அளவில் இருப்பது இயல்பு. 80 ஆனால் மூளைக்குப் போகும் ரத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஹெரோயின் அளவு மீறிப் போனவனுக்கு மூளையில் ரத்தம் குறைந்து உயிர் போவதில்லை. ரத்தம் நிறையப் போய்க்கொண்டிருக்கும், அதில் ஆக்சிஜன் இருக்காது. இதை ஒரு படத்தில் சிவப்பு, நீலம் பூசிக் காட்டிவிட முடியாது.

அம்மாவின் தடுமாற்றத்துக்கு வருகிறேன். 70 தாண்டியவர்களுக்கு மிடாசோலம் மெதுவாகத்தான் இறங்கும். அதோடு வயிற்றைக் காலி பண்ணப் பேதி மருந்து குடித்திருப்பார், தண்ணீர் குறைந்திருக்கும், பிரஷர் மாத்திரையும் உண்டு. வீட்டில் தூக்க மாத்திரை போடுகிறாரா? போட்டால், இரவில் எழும்போது கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழச் சொல்லுங்கள். எழுந்த வேகத்தில் பிரஷர் இறங்கித்தான் விழுகிறார்கள். இடுப்பு எலும்பு உடைந்து எங்களிடம் வருகிறவர்களில் எத்தனை பேர் அப்படி வந்தவர்கள்! தடுமாற்றம் இன்னும் இருந்தால் கிளினிக்கில் காட்டிவிடுங்கள், "வயசாச்சு" என்று விட வேண்டாம்.

#9 செபராங்_செல்வி
சனி, இரவு 11.20

நன்றி அக்கா. இப்போது சரியாகிவிட்டார், நேற்று எனக்கே பால்குட நேர்த்தி எப்போது என்று நாள் எண்ணிச் சொன்னார். தூக்க மாத்திரை இல்லை, ஆனால் அரிப்புக்கு இரவில் பிரிட்டோன் (ஒவ்வாமை மாத்திரை) போடுகிறார்.

#10 தியேட்டர்_தாதி
சனி, இரவு 11.31

அதைத் தங்கச்சியிடம் கேட்டு மாற்றுங்கள். வயதானவர்களைக் குழப்பத்தில் தள்ளும் மாத்திரைகளில் அதுவும் ஒன்று. தூக்கம் தராத வகை இருக்கிறது.

#11 லோரி_வடக்குரோடு
ஞாயிறு, அதிகாலை 1.15

தூங்க வைப்பது, முழிக்க வைப்பது என்று இரண்டு பெட்டி போடுகிறீர்களே, கெத்தும் இலைச்சாறு எந்தப் பெட்டி? கெடா பக்கம் லோரி ஓட்டும்போது பழைய ஆட்கள் குடிப்பதைப் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் குடித்தால் வெயிலில் மாடு மாதிரி உழைப்பார்கள். நிறையக் குடித்தால் மரத்தடியில் சுருண்டு கிடப்பார்கள். இலை ஒன்றுதான்.

#12 மருந்துக்கடை_தங்கச்சி
ஞாயிறு, காலை 8.20

அண்ணே, நல்ல இடத்தில் பிடித்தீர்கள். கெத்தும் இலையில் முக்கியமானது மித்ராகைனின். அது மார்ஃபின் உட்காரும் அதே ஏற்பிகளில் (நான் சொன்ன நாற்காலி மாதிரி) அரைகுறையாக உட்காரும், அட்ரினலின் சம்பந்தப்பட்ட ஏற்பிகளையும் தொடும். கொஞ்சமாக இருக்கும்போது ஒரு முகம், அதிகமானால் இன்னொரு முகம். நம் பினாங்கிலேயே யூஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) நடத்தும் போதைப்பொருள் ஆராய்ச்சி மையம் இதைப் பல வருடமாக ஆராய்கிறது. சட்டத்தில் 1952 நச்சுப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. இருமல் மருந்தைக் கலந்து குடிக்கும் பையன்களைத்தான் நினைத்தால் எனக்குப் பயம். அங்கே தாதி அக்கா சொன்ன மூச்சு விஷயம்தான்.

#13 மட்டுறுத்துநர்
ஞாயிறு, காலை 8.45

எப்படிக் காய்ச்சுவது, எங்கே கிடைக்கும் என்று கேட்டு இரண்டு பதிவு வந்தது. நீக்கிவிட்டேன். தொடருங்கள்.

#14 பிறைப்பாலம்
ஞாயிறு, காலை 11.02

இழையை நேற்றிலிருந்து படிக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன்.

என் தம்பிக்கு 34 வயது. ஏழெட்டு வருடம் சியாபு, அதாவது மெத் என்ற போதைப்பொருள். இரண்டு முறை நிறுத்தினான், இரண்டு முறையும் திரும்பப் போனான். போன ஆகஸ்டில் ஒரு நாள் இரவு தலையைப் பிடித்துக்கொண்டு கத்தினான், வாந்தி எடுத்தான், வலது கை விழுந்துவிட்டது. ரத்தக் கசிவு என்றார்கள். பிழைத்துவிட்டான். இப்போது கோல் பிடித்து நடக்கிறான், பேச்சு வருகிறது, சொல் தேடுகிறான்.

பிரச்சினை இதுதான். சொந்தக்காரர் ஒருவர் குடும்ப வாட்சாப்பில் ஒரு படம் போட்டார். போதைப் பழக்கம் உள்ளவரின் மூளையாம், சல்லடை மாதிரி முழுக்க ஓட்டை. அப்பா அதைப் பார்த்ததிலிருந்து "அவனுக்கு மூளையே இல்லை, பயிற்சிக்குக் கூட்டிப் போய் என்ன பயன்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். தம்பியும் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டான். அந்த ஓட்டை நிஜமா?

#15 பழையவாத்தியார்
ஞாயிறு, பிற்பகல் 12.40

தம்பி, அந்தப் படத்தில் இருப்பவை ஓட்டைகள் அல்ல. அப்பாவிடம் சொல்ல வசதியாக, அது எப்படி எடுக்கப்படுகிறது என்று எழுதுகிறேன்.

டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருளைச் சேர்த்த மருந்தைக் கை நரம்பில் ஏற்றுவார்கள். அது ரத்தத்தோடு மூளைக்குப் போய், ரத்தம் அதிகம் போன இடத்தில் அதிகமாகத் தங்கும். கேமரா அதைப் பிடிக்கும். பிறகு கணினியிடம் ஓர் அளவைச் சொல்வார்கள், இந்த அளவுக்குக் கீழே இருந்தால் வரையாதே என்று. வரையாத இடம் படத்தில் பள்ளமாகத் தெரியும். கோட்டைக் கொஞ்சம் மேலே தூக்கினால் என் மூளையிலும் ஓட்டை காட்டலாம். நைட்ஷிப்ட்காரர் கோப்பி குடித்திருந்த நேரத்தில் எடுத்திருந்தால் அவர் மூளை முழுக்கவே கொஞ்சம் மங்கிப் போயிருக்கும். அந்த இடத்தில் திசு இருக்கிறது, அந்த நேரத்தில் அங்கே ரத்தம் குறைவாகப் போயிருக்கிறது. அவ்வளவுதான் படம் சொல்வது.

ரத்தக் குறைவே பொய் என்று சொல்ல வரவில்லை. 1988-இல் நோரா வோல்கோவும் அவரோடு இருந்தவர்களும் கோக்கேன் பழக்கம் உள்ளவர்களின் மூளையை அளந்து, நெற்றிப் பகுதியில் ஆங்காங்கே ரத்தம் குறைந்திருப்பதைக் காட்டினார்கள். பத்து நாள் விட்ட பிறகும் அது இருந்தது. ஆனால் அதே வோல்கோவின் குழு 2001-இல் வேறொன்றும் காட்டியது. மெத் எடுத்தவர்களின் மூளையில் டோபமின் என்ற ரசாயனத்தைத் திரும்ப உறிஞ்சும் அமைப்பு குறைந்திருந்தது, ஒரு வருடத்துக்கு மேல் விட்டவர்களிடம் அது கணிசமாகத் திரும்பி வந்திருந்தது. சல்லடையில் எதுவும் திரும்பி வளராது. உங்கள் அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

#16 தியேட்டர்_தாதி
ஞாயிறு, பிற்பகல் 2.25

வாத்தியார் சார் சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு ஏமாற்றமாக இருக்கும். அந்தப் படத்து ஓட்டை வேறு, உங்கள் தம்பிக்கு வந்த கசிவு வேறு. கசிவு உண்மை. சிடி ஸ்கேனில் வெள்ளையாகத் தெரிந்திருக்கும். அது நசுக்கிய இடத்தில் சில செல்கள் போயிருக்கும், அவை திரும்பாது. பக்கத்துச் செல்கள் அந்த வேலையைக் கற்றுக்கொள்ளும், அதற்குத்தான் பயிற்சி. நடக்கிறான், பேசுகிறான் என்கிறீர்களே, அந்தப் பாடம் நடந்துகொண்டிருக்கிறது. அப்பா இப்போது கையை விட்டால்தான் நஷ்டம்.

எப்படிக் கசிந்தது என்று கேட்டீர்களானால், மூளைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. பிரஷர் ஏறினாலும் இறங்கினாலும் தனக்குள் வரும் ரத்தத்தை ஒரே அளவில் வைத்துக்கொள்ளும். ஏறினால் நாளம் சுருங்கும், இறங்கினால் விரியும். ஆனால் இதற்கு எல்லை இருக்கிறது. சராசரிப் பிரஷர் 60-லிருந்து 150 வரை என்று புத்தகத்தில் இருக்கும், லாசன் என்பவர் 1959-இல் தொகுத்துச் சொன்னது. 120/80 உள்ளவருக்குச் சராசரி 93 வரும். சியாபு நோரட்ரினலினைக் கொட்ட வைத்து 220/130-க்குத் தூக்கிவிட்டால் சராசரி 160. நாளம் இனிமேல் இறுக முடியாது, தாங்க முடியாத இடத்தில் விட்டுவிடும். சிலருக்கு வேறு மாதிரி, நாளமே சுருங்கிப் பிடித்துக்கொண்டு அடைப்பு வரும். பழக்கம் நீண்டிருந்தால் நாளத்தின் சுவரும் கெட்டிருக்கும். அதனால்தான் 30 வயதில் பக்கவாதத்தோடு ஒருவர் வந்தால் என்ன எடுத்தார் என்று நாங்கள் கேட்கிறோம். போலீஸுக்குச் சொல்ல அல்ல. அடைப்பா கசிவா என்று பார்க்காமல் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைத் தொட முடியாது, அதற்கும் நாலரை மணி நேரம்தான் கெடு. வீட்டில் மறைத்து மறைத்துப் பேசியே ஒரு மணி நேரத்தைத் தின்றுவிடுவார்கள்.

தம்பி இப்போது பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறானா, அதைப் பாருங்கள். சியாபு ஒரே ஒரு தடவை போதும் திரும்ப வெடிக்க.

#17 மருந்துக்கடை_தங்கச்சி
ஞாயிறு, பிற்பகல் 3.10

சியாபு மட்டும்தான் என்று யாரும் நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். மூக்கடைப்புக்குப் போடும் சூடோஎஃபெட்ரினும் தூரத்துச் சொந்தம்தான், நாளத்தைச் சுருக்கித்தான் மூக்கைத் திறக்கிறது. மிக அரிதாக மூளைக்கு ரத்தம் குறையும் இரண்டு நிலைகள் இதனால் வரலாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2024 தொடக்கத்தில் எச்சரித்தது. கட்டுப்படாத பிரஷர் உள்ளவர்கள், சிறுநீரகம் மிக மோசமாக இருப்பவர்கள் எடுக்கவே கூடாது என்றது. இதற்கு முன்பு ஃபெனைல்புரோபனோலமீன் என்று ஒன்று சளி மாத்திரையிலும் மெலியும் மாத்திரையிலும் இருந்தது. இளம் பெண்களுக்கு மூளையில் கசிவு வருகிறது என்று கண்டுபிடித்து, 2000-இல் அமெரிக்காவில் விற்க வேண்டாம் என்றார்கள்.

கவுன்டரில் "பிரஷர் இருக்கா?" என்று கேட்டால் கோபப்படாதீர்கள் ஐயா, அம்மா. காரணத்தோடுதான் கேட்கிறோம்.

#18 ஆரோக்கிய_வழிகாட்டி
ஞாயிறு, மாலை 6.00

நண்பர்களே, மூளைக்கு ரத்த ஓட்டத்தை இயற்கையாக 3 மடங்கு கூட்டும் எங்கள் கிங்கோ காப்ஸ்யூல் பக்கவாதம், மறதி, தலைவலி எல்லாவற்றையும் வேரோடு போக்கும். ஒரு போத்தல் 189 வெள்ளி மட்டுமே. இரண்டு வாங்கினால்

#19 சும்மா_வந்தேன்
ஞாயிறு, மாலை 6.04

மூன்று மடங்கா? அக்கா சொன்ன கணக்குப்படி பார்த்தால் கரியமில வாயு 80 ஆகியும் இரண்டு மடங்குதானே. உங்கள் காப்ஸ்யூல் மூச்சை நிறுத்துமா?

#20 மருந்துக்கடை_தங்கச்சி
ஞாயிறு, மாலை 6.20

சும்மா வந்தவர் இன்றைக்குத்தான் வேலை செய்திருக்கிறார். 75 வயதும் அதற்கு மேலும் உள்ள 3,069 பேருக்குக் கிங்கோவோ போலி மாத்திரையோ கொடுத்துப் பல வருடம் பார்த்த ஆய்வின் முடிவு 2008-இல் வந்தது. மறதிநோயை அது தடுக்கவில்லை. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் கிங்கோவைக் கூடச் சேர்த்தால் ரத்தம் கசியும் ஆபத்து. பிறைப்பாலம் அண்ணே, தம்பிக்குத் தயவுசெய்து இதை வாங்கிவிடாதீர்கள்.

#21 மட்டுறுத்துநர்
ஞாயிறு, மாலை 6.32

#18 கணக்கு முடக்கப்பட்டது. பதிவை மட்டும் விட்டுவைக்கிறேன், #19 புரிய வேண்டுமே.

#22 நைட்ஷிப்ட்காரன்
திங்கள், பிற்பகல் 5.15

சாதாரண பெனடோல் நேற்று இரண்டு முறை போட்டேன். தண்ணீர் நிறையக் குடித்தேன். ஞாயிறு மதியம்தான் மிக மோசம், வெளிச்சமே ஆகவில்லை. இன்று காலையிலிருந்து வலி மெல்ல இறங்கி, இப்போது ஒரு கனம் மட்டும் இருக்கிறது. அம்மா நல்லெண்ணெய்க்கே பெருமை கொடுத்துவிட்டார், நான் மறுக்கவில்லை.

இன்னொரு சந்தேகம். இன்று இரவு வேலை. பால்குடத்துக்கு இன்னும் 19 நாள். தூக்கம் கண்ணைச் சொருகுகிறது. கோப்பி இல்லாமல் மெஷின் பக்கத்தில் நிற்க எனக்கே பயம். விரதத்தை முறிக்காமல் ஏதாவது வழி?

#23 தியேட்டர்_தாதி
திங்கள், மாலை 5.50

நானும் இரவு ஷிப்ட் பிழைப்புதான். போவதற்கு முன் கொஞ்ச நேரமாவது தூங்குங்கள், அறையை இருட்டாக்கி. இடைவேளையில் 20 நிமிடம் கண்ணை மூடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். உள்ளே விளக்கு வெளிச்சமாக இருக்கட்டும். விடியற்காலை மூன்றிலிருந்து ஐந்துவரைதான் ஆபத்து, அந்த நேரத்தில் கூர்மையான வேலையை வைக்காதீர்கள், சூபர்வைசரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தூங்கி விழுந்தால் கையை மெஷினில் கொடுப்பதைவிட ஒரு குவளை கோப்பி குடிப்பது மேல். இதை முருகனும் ஒப்புக்கொள்வார்.

அடுத்த முறை விடுவதென்றால் வீம்பாக ஒரே நாளில் விடாதீர்கள். இரண்டு நாளைக்கு ஒரு குவளை குறையுங்கள். நாற்காலிகள் மெதுவாகக் குறையட்டும்.

#24 லோரி_வடக்குரோடு
திங்கள், இரவு 9.30

தம்பி, காலையில் வீடு திரும்பும்போது மோட்டார் ஓட்டாதே. பஸ் ஏறு. நான் பாலத்தில் பார்த்திருக்கிறேன்.

#25 பிறைப்பாலம்
செவ்வாய், காலை 10.05

நேற்று இரவு அப்பாவை உட்கார வைத்து #15-ஐயும் #16-ஐயும் வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். டெக்னீசியம் என்ற சொல்லில் மூன்று முறை தடுக்கினேன். முடிந்ததும் அப்பா எதுவும் சொல்லவில்லை. எழுந்துபோய்த் தன் கைப்பேசியிலிருந்த படத்தை அழிக்க முயன்றார், தெரியவில்லை, தம்பியிடம் நீட்டினார். அவன் இடது கையால் அழித்துக் கொடுத்தான்.

வியாழக்கிழமை பயிற்சிக்கு அப்பாவே கூட்டிப் போகிறாராம். செல்வி அக்கா, அங்கே கார் நிறுத்த இடம் கிடைக்குமா? நீங்கள் அந்தப் பக்கம்தானே.

#26 செபராங்_செல்வி
செவ்வாய், காலை 10.40

ஒன்பது மணிக்கு முன்னால் போனால் கிடைக்கும். பின் வாசல் பக்கம் பாருங்கள்.